மையத்தொலைத் தகவும் வட்டவிலகலும்: உயர் தகவுச் சுற்றுப்பாதைகளை முன்வைத்து ஒரு கலைச்சொல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வான்பொருள்களின் சுற்றுப்பாதையை விளக்கும் அளவுகளுள் ஒன்று, பாதையின் நடுப்புள்ளியிலிருந்து ஈர்ப்பு மையம் எவ்வளவு தள்ளியுள்ளது என்பதைக் காட்டும் தகவாகும். தமிழகக் கணிதப் பாடநூல்கள் இதனை ‘மையத்தொலைத் தகவு’ என்கின்றன. இணையக் கலைக்களஞ்சியத்திலும் அறிவியல் கட்டுரைகளிலும் ‘வட்டவிலகல்’ என்னும் சொல் மிகுதியாக வழங்குகிறது. இவ்விரு சொற்களும் ஒரே அளவையே சுட்டினும், படிப்போர் மனத்தில் வெவ்வேறு படிமங்களை எழுப்புகின்றன. ஒன்று பாதையின் வடிவத்தை நோக்கச் செய்கிறது; மற்றொன்று மையத்தின் இடப்பெயர்ச்சியை நோக்கச் செய்கிறது. உயர் தகவுடைய வான்பொருள்களின் இயக்கத்தையும், அணுவியல், கட்டுமானவியல், பார்வையியல், கோட்டுருவியல் ஆகிய துறைகளில் இக்கருத்து வழங்கும் முறையையும் விளக்கி, எச்சொல் எவ்விடத்துப் பொருந்தும் என இக்கட்டுரை ஆராய்கிறது.

முதன்மைச் சொற்கள்: மையத்தொலைத் தகவு, வட்டவிலகல், மையவகற்சி, குவியம், சுற்றுப்பாதை, மந்தோச்சம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கலைச்சொல் என்பது ஒரு கருத்துக்கு இடப்பட்ட பெயர் மட்டுமன்று; அக்கருத்தினுள் நுழையும் வாயிலும் அதுவே. வாயில் எத்திசை நோக்கி அமைகிறதோ அத்திசையில்தான் படிப்போரின் பார்வை முதலில் செல்லும். பூமியின் பாதை நீள்வட்டம் எனக் கற்கும் மாணவர் பலர், அதனை மிகவும் தட்டையான ஒரு முட்டை வடிவமாக மனத்தில் வரைந்துகொள்கின்றனர். அதன் தொடர்ச்சியாக, பூமி சூரியனை நெருங்குவதால் கோடையும் விலகுவதால் குளிரும் உண்டாவதாகக் கருதுகின்றனர். இப்பிழையான புரிதலுக்குப் பாடநூல் ஓவியங்கள் ஒரு காரணம் எனில், வடிவத்தையே முன்னிறுத்தும் சொல்லும் மற்றொரு காரணமாகலாம். எனவே அச்சொல் குறிக்கும் அளவு யாது, அது உயரும்போது உண்மையில் மாறுவது யாது என்பன முதலில் தெளிவாக வேண்டும். அத்தெளிவின் பின்னரே சொற்களின் பொருத்தத்தை எடைபோட இயலும்.

1. தகவின் வரையறை

நீள்வட்டத்திற்கு நடுவே ஒரு மையமும், அம்மையத்தின் இருபுறமும் சம தொலைவில் இரு குவியங்களும் உண்டு. மையத்திலிருந்து குவியத்திற்குள்ள தொலைவை, நெட்டச்சின் பாதியாகிய அரைநெட்டச்சால் வகுத்தால் கிடைப்பதே மையத்தொலைத் தகவு. வட்டத்தில் குவியங்கள் இரண்டும் மையத்திலேயே ஒன்றிவிடுவதால் தகவு சுழியாகும். குவியங்கள் மையத்தைவிட்டு அகல அகலத் தகவு ஒன்றை நோக்கி வளரும். ஒன்றைத் தொட்டால் வளைவரை மூடாத பரவளையமாகும். ஒன்றைக் கடந்தால் அதிபரவளையமாகும். 2017இல் கண்டறியப்பட்ட ஓமுவாமுவாவின் தகவு ஏறத்தாழ 1.2. 2019இல் கண்டறியப்பட்ட போரிசோவ் வால்மீனின் தகவு ஏறத்தாழ 3.4. தகவு ஒன்றைத் தெளிவாகக் கடந்திருந்தமையே இவை சூரியக் குடும்பத்திற்கு வெளியிலிருந்து வந்தவை என்பதற்குச் சான்றாயிற்று.

வான்பொருளின் பாதையில் ஈர்க்கும் பொருள் மையத்தில் இருப்பதில்லை. ஒரு குவியத்தில் இருக்கிறது. ஆகவே தகவு என்பது, ஈர்க்கும் பொருள் பாதையின் நடுவிலிருந்து எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பதன் நேரடி அளவாகும். இதனை மனத்திற்கொண்டால், அண்மைநிலைத் தொலைவு என்பது அரைநெட்டச்சை ‘ஒன்று கழித்தல் தகவு’ என்பதால் பெருக்கினால் கிடைக்கும் என்பதும், சேய்மைநிலைத் தொலைவு ‘ஒன்று கூட்டல் தகவு’ என்பதால் பெருக்கினால் கிடைக்கும் என்பதும் எளிதில் விளங்கும்.

2. வடிவமும் மையமும்

பாதையின் வடிவத்தை அளக்க வேறோர் அளவு உண்டு. குற்றச்சை நெட்டச்சால் வகுத்துப் பெறும் விகிதமே அது. இவ்விகிதத்தின் வர்க்கமும் தகவின் வர்க்கமும் கூடினால் ஒன்றாகும். இந்த எளிய உறவிலிருந்து பெறப்படும் முடிவு வியப்புக்குரியது. தகவு சிறிதாக இருக்கும்வரை வடிவம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மையத்தின் இடப்பெயர்ச்சி மட்டுமே கண்ணுக்குப் புலனாகும். கீழ்வரும் அட்டவணை இதனைக் காட்டுகிறது.

அட்டவணை 1

| வான்பொருள் | தகவு | குற்றச்சு–நெட்டச்சு விகிதம் | சேய்மை–அண்மை விகிதம் |
|---|---|---|---|
| பூமி | 0.0167 | 0.9999 | 1.03 |
| செவ்வாய் | 0.093 | 0.996 | 1.21 |
| புதன் | 0.206 | 0.979 | 1.52 |
| நெரீடு (நெப்டியூனின் துணைக்கோள்) | 0.75 | 0.66 | 7 |
| செட்னா | 0.85 | 0.53 | 12 |
| ஹாலி வால்மீன் | 0.967 | 0.25 | 60 |

புதனின் பாதையைத் தாளில் வரைந்தால் வெறுங்கண்ணுக்கு அது வட்டமாகவே தோன்றும்; அகலக் குறைவு நூற்றில் இரண்டு பங்குதான். ஆயினும் சூரியன் நடுப்புள்ளியிலிருந்து நூற்றில் இருபது பங்கு தள்ளி நிற்பதைக் குழந்தையும் காணும்.

இவ்வேறுபாடு வானியல் வரலாற்றிலும் பதிவாகியுள்ளது. தாலமி முதலிய பண்டைய கிரேக்க வானியலார், மையம் தள்ளிய வட்டங்களைக் கொண்டே கோள்களின் சீரற்ற வேகத்தைப் பெருமளவு விளக்கினர். மையத்தின் இடப்பெயர்ச்சியை அவர்கள் அறிந்திருந்தனர். வடிவத்தின் மாற்றத்தைத்தான் அறியவில்லை. டைகோ பிராகியின் துல்லியமான நோக்கீடுகளைக்கொண்டு செவ்வாயின் பாதையை ஆராய்ந்த கெப்ளர், பாதையின் பக்கவாட்டுச் சுருக்கம் ஆரத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே எனக் கண்டார். அச்சிறு சுருக்கத்தை ஒதுக்கிவிடாமல் பின்தொடர்ந்ததன் பயனே 1609இல் அவர் வெளியிட்ட நீள்வட்டப் பாதை விதியாகும். மையம் தள்ளியிருந்ததை அறிந்த பின்னரும் வட்டம் சிதைந்திருந்ததை உணர ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. இவ்வளவு நுண்ணிய வடிவ மாற்றத்தையே ‘வட்டவிலகல்’ என்னும் சொல் முன்னிறுத்துகிறது என்பது கருதத்தக்கது.

3. ஆனியும் மார்கழியும்

பூமியின் தகவாகிய 0.0167 மிகச் சிறியது. எனினும் தமிழர் நாள்தோறும் பயன்படுத்தும் ஞாயிற்று மாதக் கணக்கில் அதன் தடம் தெளிவாக உள்ளது. சூரியன் ஓர் இராசியைக் கடக்கும் காலமே ஒரு மாதம். ஒவ்வோர் இராசியும் 30 பாகை என்னும் ஒரே அளவினதாயினும் மாதங்களின் நீளம் ஒன்றுபோல் இல்லை. ஆனிக்கு 31 அல்லது 32 நாள்கள். மார்கழிக்கு 29 அல்லது 30 நாள்கள். பஞ்சாங்கக் கணக்கில் இவ்விரு மாதங்களுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு நாளினும் சற்று மிகுதி.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரித் தொடக்கத்தில். அப்போது தொலைவு 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் செல்வது சூலைத் தொடக்கத்தில். அப்போது தொலைவு 15.21 கோடி கிலோமீட்டர். முன்னது மார்கழியிலும் பின்னது ஆனியிலும் நிகழ்கின்றன. அருகில் வரும்போது பூமி விரைந்து செல்வதால் மார்கழி குறுகுகிறது. தொலைவில் தளர்ந்து செல்வதால் ஆனி நீள்கிறது. மார்கழிப் பனியில் நடுங்கும் காலத்தில்தான் நாம் சூரியனுக்கு மிக அண்மையில் இருக்கிறோம். பருவ மாற்றத்திற்குத் தொலைவன்று, பூமி அச்சின் சாய்வே முதற்காரணம் என்பதற்கு நம் நாட்காட்டியினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டை இந்திய வானியல் மரபு கணக்கிட்டு வைத்திருந்தது. சூரியன் மிக மெல்ல நகரும் திசைக்கு ‘மந்தோச்சம்’ என்று பெயர். ஆரியபட்டீயம் சூரியனின் மந்த பரிதியை 13½ பாகை எனக் கொள்கிறது. இதனை 360ஆல் வகுத்தால் 0.0375 கிடைக்கும்; இதன் பாதி 0.0188. இது இன்றைய தகவுக்கு நெருங்கிய மதிப்பாகும். பாதியாக்குவதற்குக் காரணம் உண்டு. சூரியனின் தோற்ற வேகம் மாறுவதில் பாதி, தொலைவு மாறுவதால் விளைவது. மறுபாதி, வேகமே உண்மையில் மாறுவதால் விளைவது. சீரான வேகத்தில் மையம் தள்ளிய வட்டத்தில் இயங்குவதாகக் கொள்ளும் முறையில் முழு மாற்றத்தையும் தொலைவொன்றே தாங்க வேண்டியிருப்பதால், இடப்பெயர்ச்சி இருமடங்காகக் கொள்ளப்பட்டது.

சொல் வரலாறும் இங்கு இணைகிறது. மையத்தைக் குறிக்கும் வடசொல்லாகிய ‘கேந்திரம்’ கிரேக்கத்தின் ‘கென்ட்ரான்’ என்பதிலிருந்து வந்தது. ஐரோப்பிய மொழிகளில் இத்தகவைக் குறிக்கும் சொல்லும் ‘மையத்திற்கு வெளியே’ எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து பிறந்ததே. ஆக, அச்சொல்லின் வேர்ப்பொருளில் வட்டத்தின் வடிவம் இல்லை. மையத்திலிருந்து ஒதுங்குதலே உண்டு.

4. ஒன்றை நெருங்கும் தகவு

தகவு 0.707 என்னும் அளவை எட்டும்போது மையத்திலிருந்து குவியத்திற்குள்ள தொலைவும் அரைக்குற்றச்சும் சமமாகின்றன. அதற்கு மேல் முன்னது பின்னதை விஞ்சுகிறது. ஆகவே இவ்வெல்லையைக் கடந்த பாதைகளை உயர் தகவுப் பாதைகள் என இக்கட்டுரை கொள்கிறது. இங்கு வடிவமும் கண்கூடாக மாறுகிறது. எனினும் முதன்மையான மாற்றம் வடிவத்தில் இல்லை. காலப் பங்கீட்டில் உள்ளது.

ஈர்க்கும் பொருளையும் சுற்றும் பொருளையும் இணைக்கும் கோடு சம காலங்களில் சம பரப்புகளைக் கடக்கும் என்பது கெப்ளரின் இரண்டாம் விதி. இதன்படி, குற்றச்சுக்கு அப்பாலுள்ள தொலைப்பாதியில் ஒரு பொருள் கழிக்கும் காலத்தைக் கணக்கிடலாம். பூமி இரு பாதிகளிலும் ஏறத்தாழச் சம காலத்தைக் கழிக்கிறது. வேறுபாடு நான்கு நாள்களே. ஹாலி வால்மீனோ தன் காலத்தில் நூற்றில் 81 பங்கைத் தொலைப்பாதியிலேயே கழிக்கிறது. 76 ஆண்டுச் சுற்றில் ஏறத்தாழ 61 ஆண்டுகள் அது சூரியனை விட்டு நெடுந்தொலைவில் மெல்ல ஊர்கிறது. 1986 பெப்ரவரியில் அண்மைநிலையைக் கடந்த அது, 2023 திசம்பரில் சேய்மைநிலையை அடைந்து திரும்பியது. அடுத்து 2061இல் வரும். அண்மைநிலையில் நொடிக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர் விரையும் அவ்வால்மீன், சேய்மைநிலையில் நொடிக்கு ஒரு கிலோமீட்டரினும் குறைவாகவே நகர்கிறது. உயர் தகவுடைய பொருளின் வாழ்வு நெடிய காத்திருப்பும் குறுகிய விரைவும் கொண்டது எனலாம்.

உயர் தகவுகளை ஒப்பிடும்போது மற்றொரு நுட்பமும் நினைவிற்கொள்ளத் தக்கது. 0.90 என்பதும் 0.99 என்பதும் அருகருகே உள்ள எண்களாகத் தோன்றும். ஆனால் அண்மைநிலைத் தொலைவைத் தீர்மானிப்பது ‘ஒன்று கழித்தல் தகவு’ ஆதலால், அரைநெட்டச்சு மாறாதபோது முதலாவதன் அண்மைத் தொலைவு இரண்டாவதன் பத்து மடங்காகும். உயர் தகவைச் சுழியிலிருந்து எண்ணுவதைவிட ஒன்றிலிருந்து எண்ணுவதே அதன் பொருளை உணர்த்தும்.

இதற்கு எச்டி 80606 பி என்னும் புறக்கோள் நல்ல சான்று. 2001இல் அறிவிக்கப்பட்ட இப்பெருங்கோள் 111 நாளில் தன் விண்மீனைச் சுற்றுகிறது. தகவு ஏறத்தாழ 0.93. சேய்மைநிலையில் அது பெறும் வெப்பத்தைப்போல் எண்ணூறு மடங்கு அளவில் அண்மைநிலையில் பெறுகிறது. 2007இல் சுபிட்சர் விண்தொலைநோக்கி அதனை நோக்கியபோது, ஆறு மணி நேரத்திற்குள் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 800 கெல்வினிலிருந்து 1500 கெல்வினுக்கு உயர்ந்தது அறியப்பட்டது. ஓர் ஆண்டின் பருவங்கள் அனைத்தும் சில மணி நேரத்தில் குவிந்த உலகம் அது.

நம் பால்வழியின் நடுவே எஸ் 2 என்னும் விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை, தகவு 0.88 உடைய பாதையில், கட்புலனாகாப் பெரும்பொருள் ஒன்றைச் சுற்றுகிறது. 2018 மே மாதத்தில் அது 120 வானியல் அலகு தொலைவில், ஒளி வேகத்தில் நூற்றில் இரண்டரைப் பங்கு அளவான வேகத்துடன் அண்மைநிலையைக் கடந்தது. பாதை வட்டமாக இருந்திருந்தால் அவ்வளவு நெருக்கமும் வேகமும் வாய்த்திரா. அந்நெருக்கத்திலேதான் ஐன்சுடைனின் பொதுச் சார்பியல் கூறிய ஒளியின் செந்நகர்வு அளவிடப்பட்டது. அவ்விண்மீன்களின் பாதைகளை ஆராய்ந்து அப்பெரும்பொருளின் இருப்பை நிறுவியமைக்காக ரைனார்டு கென்செல், ஆண்டிரியா கெசு ஆகிய இருவரும் 2020ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.

5. உயர் தகவு தோன்றும் வழிகள்

உயர் தகவு இயற்கையில் பெரும்பாலும் ஒரு குலைவின் நினைவாக எஞ்சுகிறது. 1949இல் கைப்பர் கண்டறிந்த நெரீடு, நெப்டியூனுக்கு 14 இலட்சம் கிலோமீட்டர் அருகிலும் 96 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலும் மாறி மாறிச் செல்கிறது. டிரைட்டன் என்னும் பெருந்துணைக்கோள் வெளியிலிருந்து சிறைப்பட்டபோது நேர்ந்த குழப்பத்தின் விளைவே இது எனக் கருதப்படுகிறது.

மற்றொரு வழி மெல்ல நிகழ்வது. சாய்ந்த தளத்தில் தொலைவில் இயங்கும் மூன்றாம் பொருளொன்று, உட்பாதையின் சாய்வையும் தகவையும் ஒன்றுக்கொன்று பண்டமாற்றுச் செய்விக்கிறது. சாய்வு குறையுங்கால் தகவு உயரும். தகவு குறையுங்கால் சாய்வு மிகும். 1960களின் தொடக்கத்தில் இலிடோவும் கோசாயும் தனித்தனியே விளக்கிய இவ்வியக்கம் அவ்விருவர் பெயராலும் வழங்குகிறது. எச்டி 80606 பி கோளின் விண்மீனுக்கு ஓர் இணை விண்மீன் உண்டு. அக்கோளின் உயர் தகவுக்கு அதுவே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

மாந்தர் விரும்பி ஆக்கிய உயர் தகவும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேல் நிலைகொள்ளும் செயற்கைக்கோள்கள் உருசியாவின் வடபகுதிக்குத் தொடுவானத்தை ஒட்டியே தென்படும். ஆகவே 1965 முதல் சோவியத்து ஒன்றியம் மோல்னியா செயற்கைக்கோள்களை ஏறத்தாழ 0.74 தகவுடைய 12 மணி நேரப் பாதையில் செலுத்தியது. சேய்மைநிலை வட அரைக்கோளத்திற்கு மேல் அமைந்ததால், பாதையின் நேரத்தில் ஏறத்தாழ முக்காற்பங்கு அவை வடபுலத்தின் தொலைவானில் தங்கின. தொலைவில் நெடிது தங்குதல் என்னும் இயல்பே இங்குப் பயனாயிற்று. பாதையின் சாய்வு 63.4 பாகையாக வைக்கப்பட்டதால் சேய்மைநிலையின் இடமும் பெயராதிருந்தது.

இந்தியாவின் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது அண்மைநிலை உயரம் 421.7 கிலோமீட்டர், சேய்மைநிலை உயரம் 76,993.6 கிலோமீட்டர். இவற்றிலிருந்து கணக்கிட்டால் தகவு 0.91 ஆகும். பாதையைச் சிறு வட்டமாக்கக் கூடுதல் எரிபொருள் செலவாகியிருக்கும். உயர் தகவுப் பாதை எரிபொருளை மிச்சப்படுத்தியதுடன், செவ்வாயின் முழு வட்டையும் ஒரே படத்தில் அடக்கும் தொலைவையும் தந்தது.

6. பிற துறைகளில் இக்கருத்து

ஐரோப்பிய மொழிகளில் இத்தகவைக் குறிக்கும் அதே சொல் வேறு பல துறைகளிலும் வழங்குகிறது. ஆயின் அளக்கப்படும் பொருள் துறைதோறும் வேறுபடுகிறது.

அணுவியலில் பொருள் மாறாமல் தகவாகவே நிற்கிறது. 1916இல் சாமர்பெல்டு, அணுவினுள் எலெக்ட்ரான்கள் நீள்வட்டப் பாதையிலும் இயங்கலாம் எனக் கொண்டார். மூன்றாம் மட்டத்தில் குற்றச்சு–நெட்டச்சு விகிதம் மூன்றில் மூன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்னும் மதிப்புகளையே பெறும். அவற்றுக்குரிய தகவுகள் சுழி, 0.745, 0.943. தகவு மிக்க பாதையில் இயங்கும் எலெக்ட்ரான் உள்ளணுக்கருவை நெருங்கி வருவதால் சோடியம் போன்ற தனிமங்களில் அதன் ஆற்றல் தாழ்கிறது. பின்னர் வந்த குவாண்டம் இயக்கவியல் பாதை என்னும் கருத்தையே கைவிட்டது. ஆயினும் குறைந்த கோண உந்தமுடைய எலெக்ட்ரான் உட்புறம் ஊடுருவும் என்னும் உண்மை எஞ்சி நிற்கிறது. குறுகிய நெருக்கமே விளைவைத் தீர்மானிக்கிறது என்பதில் அணுவும் வால்மீனும் ஒத்துள்ளன.

கட்டுமானவியலில் அச்சொல் ஒரு நீளத்தைக் குறிக்கும். தூணின் நடுக்கோட்டிலிருந்து சுமை தள்ளி விழும் தொலைவே அது. செவ்வக வெட்டுமுகமுடைய செங்கல் தூணில் சுமை நடு மூன்றிலொரு பங்குக்குள் விழும்வரை தூண் முழுவதும் அமுக்கத்திலேயே இருக்கும். அதாவது தள்ளுதொலைவு அகலத்தில் ஆறிலொரு பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால் எதிர்ப்புறத்தில் இழுவிசை தோன்றும். செங்கற்கட்டு இழுவிசையைத் தாங்காமல் பிளவுறும்.

பார்வையியலில் அது ஒரு கோணம். விழித்திரையில் கூர்பார்வைக் குழியிலிருந்து ஒரு காட்சி எத்தனை பாகை தள்ளி விழுகிறது என்பதை அது குறிக்கும். தள்ளத் தள்ளப் பார்வைக் கூர்மை குறைகிறது. ஆனால் மங்கிய ஒளியை உணரும் கோலணுக்கள் குழியின் நடுவில் இல்லை. ஏறத்தாழ 20 பாகை தள்ளியே அவை மிகச் செறிந்துள்ளன. மங்கலான விண்மீனை நேர்நோக்காமல் சற்று ஒதுக்கி நோக்கினால் நன்கு தெரிவது இதனாலேயே.

கோட்டுருவியலில் அது ஓர் எண்ணிக்கை. ஒரு முனையிலிருந்து மிகத் தொலைவிலுள்ள மற்றொரு முனைக்குச் செல்லக் கடக்க வேண்டிய குறைந்த இணைப்புகளின் எண்ணிக்கை அம்முனையின் அளவாகும். எம்முனைகளுக்கு இவ்வளவு மிகக் குறைவோ அவையே கோட்டுருவின் மையம் எனப்படும். பிற துறைகளில் மையம் முன்னரே உண்டு, விலகல் அதனின்று அளக்கப்படும். இங்கோ விலகலை அளந்த பின்னரே மையம் கண்டறியப்படுகிறது.

7. சொற்களின் பொருத்தம்

மேற்கண்டவற்றால் ஒரு சொல்லுக்குள் தகவு, நீளம், கோணம், எண்ணிக்கை என நால்வகை அளவுகள் அடங்கியிருப்பது புலனாகிறது. ‘வட்டவிலகல்’ என்னும் சொல்லுக்கு ஒரு நன்மை உண்டு. தகவு சுழியானால் வட்டம் என்பதை அது தன்னுள்ளேயே கூறிவிடுகிறது. ஆயின் சிறு தகவுகளில் வட்டத்திலிருந்து விலகல் ஏறக்குறைய இல்லாதிருக்க, அதனையே பெயராகச் சூட்டுவது படிப்போரைத் தட்டையான பாதையை எண்ணச் செய்கிறது. மேலும் தூணிலும் விழித்திரையிலும் கோட்டுருவிலும் வட்டமே இல்லையாதலால் அச்சொல் அத்துறைகளுக்குச் செல்லாது.

‘மையத்தொலைத் தகவு’ என்பது வரையறையையே பெயராகக் கொண்டது. தகவு என்னும் இறுதிச் சொல் அது அலகற்ற எண் என்பதையும் உணர்த்துகிறது. இதற்கும் ஒரு குறை உண்டு. பரவளையத்திற்கு மையமே இல்லை. அங்குக் குவியம், இயக்குவரை ஆகியவற்றிலிருந்துள்ள தொலைவுகளின் விகிதத்தாலேயே தகவை வரையறுக்க வேண்டும். எனினும் பரவளையம் என்பது ஓர் எல்லைநிலை மட்டுமே. அந்த ஒன்றின் பொருட்டு நீள்வட்டத்திற்கும் அதிபரவளையத்திற்கும் பொருந்தும் சொல்லைத் துறக்க வேண்டியதில்லை.

பிற துறைகளுக்கு ‘மையவிலகல்’ எனலாமா? இயற்பியலில் ‘மையவிலக்கு விசை’ வேரூன்றிய சொல். விலகலும் விலக்கலும் தன்வினை பிறவினை வேறுபாடுடையன எனினும், பாட வழக்கில் இரண்டும் எளிதில் மயங்கும். அவ்விடத்துத் தமிழ்க் கலைச்சொற்களிடையே முன்னரே வழங்கும் ‘மையவகற்சி’ பொருத்தமாகிறது. அகலுதல் என்னும் வினையடியாகப் பிறந்த அது, மையத்திலிருந்து தள்ளியிருக்கும் நிலையைப் பொதுப்படச் சுட்டுகிறது. சுமை மையவகற்சி, பார்வை மையவகற்சி, முனை மையவகற்சி என அடை சேர்த்து, அதற்குரிய அலகுடன் வழங்கினால் மயக்கம் நேராது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

- சுற்றுப்பாதையின் தகவு முதன்மையாக அளப்பது வடிவத்தின் தட்டைத்தன்மையையன்று. ஈர்ப்பு மையம் நடுவிலிருந்து ஒதுங்கியுள்ள அளவையே.
- தமிழ் ஞாயிற்று மாதங்களின் ஏற்றத்தாழ்வு, பூமியின் சிறிய தகவை நாட்காட்டியிலேயே காட்டும் சான்றாகும். பூமியின் தகவைக் கற்பிக்கவும், பருவங்கள் பற்றிய பிழையான புரிதலை நீக்கவும் அது வகுப்பறைக்குப் பயன்படும்.
- உயர் தகவின் உண்மைப் பொருள் காலப் பங்கீட்டில் உள்ளது. தொலைவில் நெடிது தங்குதலும் அண்மையில் விரைந்து கடத்தலும் அதன் இயல்புகள். வால்மீன், புறக்கோள், செயற்கைக்கோள், அணு ஆகிய அனைத்திலும் குறுகிய நெருக்கமோ நெடிய தங்கலோ விளைவைத் தீர்மானிக்கிறது.
- கூம்பு வெட்டுகளுக்கும் சுற்றுப்பாதைகளுக்கும் ‘மையத்தொலைத் தகவு’ என்பதே தக்கது. பிற துறைகளில் அடைமொழியும் அலகும் சேர்த்து ‘மையவகற்சி’ எனலாம். ‘வட்டவிலகல்’ என்பதைப் பயன்படுத்துவோர் குற்றச்சு–நெட்டச்சு விகிதத்தையும் உடன் குறிப்பிடுவது நலம்.

ஒரு மொழியில் அறிவியல் வேரூன்றுவது, அதன் சொற்கள் கருத்தைச் சுட்டுவதோடு நில்லாமல் கருத்தைச் சரியாகக் காட்டவும் செய்யும்போதுதான். ஞாயிறு நடுவில் இல்லை என்பதை ஆனி மாதத்தின் நீளமே சொல்லிக்கொண்டிருக்கையில், அதனை மறைக்காத சொல்லொன்றைப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் சீராகக் கையாளுவது தமிழ் ஆய்வுலகம் மேற்கொள்ளத் தக்க பணியாகும்.